பாட்டில் முடிந்தது, மருந்தும் முடிந்தது என்று நினைத்தேன்

என் பையனுக்கு ரிக்கெட்ஸ், அதாவது எலும்பில் சுண்ணாம்பு சேராமல் மிருதுவாகி வளையும் நோய், என்று டாக்டர் சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, “அதெல்லாம் இன்னும் இருக்கா டாக்டர்?” என்பதுதான். பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தில் ஒரு அட்டவணை வருமே, வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண், சி குறைந்தால் ஸ்கர்வி, டி குறைந்தால் ரிக்கெட்ஸ் என்று. ‘பொருத்துக’ கேள்வியில் ஒரு மார்க்குக்காக மனப்பாடம் செய்த பெயர் அது. சென்னை மேடவாக்கத்தில், ஏப்ரல் மாதம் மொட்டை மாடியில் கால் வைக்க முடியாத ஊரில், மூன்று வேளையும் சாப்பாட்டுக்குக் குறைவில்லாத வீட்டில் அது வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வந்தது. நான் செய்த தப்பு என்னவென்றால், ஒரு சொட்டு மருந்து பாட்டில் காலியானதும் அடுத்ததை வாங்காமல் விட்டேன். அவ்வளவுதான். அதற்கு நாங்கள் கொடுத்த விலையைத்தான் எழுதப்போகிறேன்.

பையன் பிறந்தது 2020 ஜனவரியில். டிஸ்சார்ஜ் சீட்டில் வைட்டமின் டி சொட்டு மருந்து, தினமும் 1 மில்லி என்று எழுதியிருந்தார்கள். எத்தனை நாளைக்கு என்று எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் பிரசவம், தையல் வலி, பால் சரியாக வரவில்லை என்ற பதற்றம். இதற்கு நடுவில் ஒரு சின்ன பாட்டிலைப் பற்றி யார் யோசிப்பார்கள்? ஊருக்குப் போன இடத்தில் அம்மா ஞாபகப்படுத்தி ஞாபகப்படுத்திக் கொடுக்க வைத்தார். இரண்டாவது பாட்டில் முடியும் நேரத்தில் மேடவாக்கம் திரும்பியிருந்தோம், மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்துவிட்டது. மருந்துக்கடை திறந்துதான் இருந்தது, அதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். ஆன்டிபயாட்டிக் பாட்டில் முடிந்தால் கோர்ஸ் முடிந்தது என்று விட்டுவிடுவோம் இல்லையா, அதே கணக்கில் இதையும் விட்டுவிட்டேன். தாய்ப்பால் மட்டும்தானே குடிக்கிறான், தாய்ப்பாலில் இல்லாத சத்தா என்று ஒரு பெருமை வேறு.

தாய்ப்பாலில் ஏறக்குறைய எல்லாம் இருக்கிறது, வைட்டமின் டி மட்டும் போதாது. சாதாரணமாக ஒரு லிட்டர் தாய்ப்பாலில் 100 யூனிட்கூடத் தேறாது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 400 யூனிட். குழந்தை குடிப்பதோ முக்கால் லிட்டர், ஒரு லிட்டர். பிறக்கும்போது தாயிடமிருந்து வாங்கிவந்த சேமிப்பு சில வாரங்களுக்குத் தாங்கும், அதுவும் தாயிடம் இருந்தால்தான். என்னிடம் இருந்ததா என்றால், பின்னால் எனக்கும் டெஸ்ட் எடுத்தபோது 9 என்று வந்தது. 20-க்கு மேல் இருக்க வேண்டும். என் பாட்டிலே காலி, அதிலிருந்து அவனுக்கு என்ன ஊற்றியிருப்பேன்? கர்ப்ப காலத்தில் ரத்த அளவு, சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்தார்கள், இதை யாரும் பார்க்கவில்லை.

வெயில் காட்டவில்லையா என்று கேட்பீர்கள். காட்டினோம், அதுதான் வேடிக்கை. அம்மா போனில் சொல்லிக்கொண்டே இருந்தார், “காலையில் இளவெயில்ல கொஞ்ச நேரம் காட்டுடி.” எங்கள் வீடு இரண்டாவது மாடி. எதிரே இன்னொரு அடுக்குமாடி. பால்கனியில் புறாத் தொல்லைக்காக வலை, அதற்கு உள்பக்கம் கண்ணாடிக் கதவு. காலை ஏழு மணிக்கு அந்தக் கண்ணாடி வழியாக ஹாலில் ஒரு பாய் அகலத்துக்கு வெயில் விழும். அந்தப் பாயில் அவனைப் படுக்கவைத்து, எண்ணெய் தேய்த்து, அரை மணி நேரம் வைத்திருப்பேன். ஒருநாள் தவறவிட்டதில்லை. போட்டோ எடுத்து குடும்ப குரூப்பில்கூடப் போட்டிருக்கிறேன். அந்த அரை மணி நேரத்தில் அவனுக்குக் கிடைத்த வைட்டமின் டி கிட்டத்தட்ட பூஜ்யம். தோலில் இந்த வைட்டமினை உண்டாக்குவது புற ஊதாக் கதிரில் பி என்ற வகை. கண்ணாடி அதை உள்ளே விடாது. சரி, கண்ணாடியைத் திறந்து வைத்திருந்தால்? ஏழு மணி வெயில் சாய்வாக வருகிறது, காற்று மண்டலத்தில் நீண்ட தூரம் கடந்து வருவதற்குள் அந்தக் கதிர் பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயில்தான் இந்த வேலைக்கு உதவும். அதாவது நாம் குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு ஓடும் நேரத்து வெயில். நம் தோலின் கறுப்பு வெயிலுக்கு ஒரு குடை மாதிரி. வெள்ளைத் தோலுக்குப் பத்து நிமிடம் போதும் என்றால் நமக்கு அதைவிட அதிக நேரம் வேண்டும்.

இளவெயில் சொன்ன அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவர் எங்களை வளர்த்த வீட்டில் முற்றம் இருந்தது. காலையில் வாசலில் விட்டால் மத்தியானம் சாப்பிடத்தான் உள்ளே வருவோம், பாதி நேரம் சட்டையும் இருக்காது. இளவெயில் என்பது அந்த நாள் முழுக்கக் கிடைத்த வெயிலின் தொடக்கம் மட்டும். எங்கள் பையனுக்குத் தொடக்கமும் முடிவும் அந்தப் பாய் அகலம்தான்.

ஒரு வயது வரைக்கும் பெரிதாக எதுவும் தெரியவில்லை. இல்லை, தெரிந்தது, ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு பதில் இருந்தது. தூங்கும்போது தலை மட்டும் வேர்த்துக் கொட்டும். ஏசி போட்டிருந்தாலும் தலையணை உறை நனைந்துவிடும், இரவில் இரண்டு தடவை மாற்றுவேன். பக்கத்து வீட்டு அக்கா “கணைச்சூடு, விளக்கெண்ணெய் வை” என்றார், வைத்தேன். பதின்மூன்று மாதம் வரை பல் வரவில்லை. “லேட்டா வர்ற பல்லு லேட்டா விழும், நல்லதுதான்” என்றார் அத்தை. உச்சிக்குழி மூடவில்லை, அதை நான் கவனிக்கவே இல்லை. தூக்கினால் சிணுங்குவான், மடியிலிருந்து இறக்கினாலும் சிணுங்குவான். கோபக்காரன், அப்பா மாதிரி என்று சிரித்தோம். எலும்பு வலி என்று ஒன்று இருக்கக்கூடும், பேசத் தெரியாத பிள்ளை அதைச் சிணுங்கித்தான் சொல்லும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நடைதான் எங்களைப் பயமுறுத்தியது. பதினாறு மாதத்தில் சோபாவைப் பிடித்து எழுந்து நிற்பான், இரண்டு நிமிடத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிடுவான். கால்கள் அடைப்புக்குறி மாதிரி வெளிப்பக்கம் வளைந்திருந்தன. டயப்பர் போட்டதால் என்றார்கள். இடுப்பிலேயே தூக்கி வைத்திருந்ததால் என்றார்கள். “உன் வீட்டுக்காரன் ஒன்றரை வயசுலதான் நடந்தான்” என்று அத்தை ஆறுதல் சொன்னார். நான் எல்லாவற்றையும் நம்பினேன், எல்லாவற்றுக்கும் செலவும் செய்தேன். 2,400 ரூபாய்க்கு வாக்கர். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, உருண்டு விழும் ஆபத்துதான் அதிகம் என்று பின்னால் டாக்டர் தூக்கிப்போடச் சொன்னார். காலை நீவிவிட ஓர் ஆயா வந்தார், ஒரு தடவைக்கு 500 ரூபாய், பத்து தடவை. பாவம் அவர் மென்மையாகத்தான் நீவினார், ஆனால் அப்போது அவன் எலும்பு இருந்த நிலையில் கொஞ்சம் அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. மருந்துக்கடையில் நானே கேட்டு வாங்கிய டானிக்குகள் 3,000 ரூபாய்க்கு.

2021 ஜூனில், இரண்டாம் அலை ஓயாத நேரம், வீடியோ காலில் ஓர் எலும்பு டாக்டரைப் பார்த்தோம். இரண்டு வயது வரை கால் வளைவு சகஜம், தானே நேராகும் என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்படித்தான்: முதலில் வெளிப்பக்கம் வளைவு, மூன்று நான்கு வயதில் முட்டி தட்டுவது போல் உள்பக்கம், அப்புறம் ஏழு வயதுக்குள் நேராகிவிடும். ஆனால் போன் திரையில் காலைக் காட்டினால் கால்தான் தெரியும். மணிக்கட்டைத் தொட்டுப் பார்க்க முடியாது, விலா எலும்பைத் தடவிப் பார்க்க முடியாது. வளைவு நாளுக்கு நாள் கூடினால், ஒரு காலில் மட்டும் இருந்தால், பல், நடை, வளர்த்தி எல்லாம் சேர்ந்து பின்தங்கினால் நேரில் போய்விடுங்கள், சகஜம் என்று யார் சொன்னாலும். நாங்கள் போகவில்லை. இரண்டு மூன்று ஆலோசனைக் கட்டணம் 3,500, யாரோ சொன்ன விசேஷ ஷூ 6,500, பிசியோதெரபி பன்னிரண்டு அமர்வு 7,200. எலும்பில் சுண்ணாம்பே இறங்காத குழந்தையை நிற்கவைத்துப் பயிற்சி கொடுத்திருக்கிறோம். நின்று முடித்ததும் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். “அடம், பழகிடும்” என்றார்கள்.

காப்புதான் காட்டிக்கொடுத்தது. முதல் பிறந்தநாளுக்கு அம்மா வெள்ளிக் காப்பு போட்டிருந்தார், திறந்து மூடும் வகை இல்லை, முழு வளையம். ஜூலையில் குளிப்பாட்டும்போது கழற்றப் பார்த்தேன், வரவில்லை. சோப்புத் தண்ணீர் போட்டேன், தேங்காய் எண்ணெய் போட்டேன், மணிக்கட்டு முண்டில் போய் இடித்துக்கொண்டு நின்றது. அத்தைக்கு ஒரே சந்தோஷம், “பிள்ளை உடம்பு போட்டிருக்கான்.” நானும் சிரித்தேன். ஆனால் காப்பை முழங்கைப் பக்கம் தள்ளினால் தொளதொளவென்று ஓடியது. மேலே கை குச்சி மாதிரி, மணிக்கட்டில் மட்டும் இரண்டு முண்டு, நடுவில் ஒரு பள்ளம், கை இரண்டு மடிப்பாக இருப்பதுபோல. பார்த்தேன். ஏதோ சரியில்லை என்று தோன்றியது. அப்புறம் சமையலறையில் குக்கர் விசில் அடித்தது, போய்விட்டேன்.

ஒன்றரை வயது ஊசி ஒரு மாதம் தள்ளி ஆகஸ்ட்டில்தான் போடப் போனோம். வழக்கமான டாக்டர் இல்லை, அன்றைக்கு வேறு ஒருவர் இருந்தார். ஊசி போடுவதற்கு முன்னால் பையனின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தார். கட்டை விரலால் அந்த முண்டைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் சட்டையைத் தூக்கி, நெஞ்சின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். மணி கோத்த மாதிரி விலா எலும்பு நுனிகள் தட்டுப்படுவதை என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார். உச்சியைத் தொட்டார். “சொட்டு மருந்து எப்பம்மா நிறுத்தினீங்க?” என்றார். அந்தக் கேள்வியை ஒன்றரை வருஷமாக யாரும் கேட்டதில்லை. “எந்த சொட்டு மருந்து?” என்று நான் திருப்பிக் கேட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, பிரிட்ஜ் கதவில் காலி பாட்டில் இன்னும் இருந்தது.

மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பு நுனி வழவழப்பான கோடாக முடிய வேண்டும். இவனுக்குத் தேய்ந்துபோன பிரஷ் மாதிரி பிசிறு பிசிறாக, கிண்ணம் போல் குழிந்து இருந்தது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 5.8 நானோகிராம். குழந்தைகளுக்கு 20-க்கு மேல் போதுமான அளவு, 12-க்குக் கீழே குறைபாடு. எலும்பு பாதிக்கப்பட்டால் ஏறும் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி 1,460, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் பாராதைராய்டு ஹார்மோனும் எகிறியிருந்தது, கால்சியமும் பாஸ்பரஸும் குறைவு, ஹீமோகுளோபின் 8.9. பில் 3,900 ரூபாய். சீக்கிரம் வந்தீர்கள், இதே நிலையில் சில குழந்தைகள் கால்சியம் சட்டென்று இறங்கி வலிப்போடு வருவார்கள் என்று டாக்டர் சொன்னார். சீக்கிரம் என்ற அந்த வார்த்தையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அந்தக் காலி பாட்டிலைக் கழுவினேன். ஏன் கழுவினேன் என்று தெரியவில்லை.

இரவு தூக்கம் வராமல் போனில் படித்துக்கொண்டே கிடப்பேன். 1919-ல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற டாக்டர், ரிக்கெட்ஸ் இருந்த குழந்தைகளுக்குப் புற ஊதா விளக்கைக் காட்டிக் குணப்படுத்தினார். ஒரு கையில் மட்டும் வெளிச்சம் காட்டினால் மறு கை எலும்பும் சேர்ந்து தேறியதாம். தோலில் உண்டானது ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது என்பதற்கு அது சாட்சி. நூறு வருஷத்துக்கு முன்னால் புகை மூடிய ஐரோப்பிய நகரங்களின் பிரச்சினை, நூறு வருஷம் கழித்து வலை போட்ட பால்கனிக்குள் என்னிடம் வந்திருக்கிறது. நான் மட்டும் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மத்திய சுகாதார அமைச்சகமும் யுனிசெஃபும் சேர்ந்து 2016-18-ல் நாடு முழுக்க எடுத்த குழந்தைகள் சத்துணவுக் கணக்கெடுப்பில், ஒன்று முதல் நான்கு வயதுக்குள் 14 சதவீதம், ஐந்து முதல் ஒன்பதுக்குள் 18, அதற்கு மேல் பத்தொன்பது வரை 24 சதவீதம் பேருக்கு வைட்டமின் டி குறைபாடு இருந்தது. வயது ஏற ஏறக் கூடுகிறது பாருங்கள். பள்ளிக்கூடம், டியூஷன், செல்போன் என்று நிழலிலேயே வளரும் பிள்ளைகள். பெரிய பிள்ளைகளுக்கு எப்போதும் கால் வளையும் என்றில்லை. கால் குடைகிறது, படி ஏற முடியவில்லை என்பார்கள், நாம் சோம்பேறி என்போம்.

மருந்து எளிமையானது. தினமும் 3,000 யூனிட் வைட்டமின் டி, கூடவே கால்சியம் 500 மில்லிகிராம், மூன்று மாதம். இது என் பையனின் வயதுக்கும் அவன் நிலைக்கும் அவன் டாக்டர் எழுதியது, உங்கள் பிள்ளைக்கு உங்கள் டாக்டர்தான் எழுத வேண்டும். கால்சியம் எதற்கு என்று கேட்டேன். பல மாதம் பட்டினி கிடந்த எலும்பு, வைட்டமின் டி வந்ததும் ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தை எல்லாம் அள்ளிக்கொள்ளும், அப்போது ரத்தத்தில் குறைந்து வலிப்பு வரலாம், அதனால் இரண்டும் சேர்ந்துதான் என்றார். கால்சியம் சிரப் வாங்கும்போது லேபிளில் கால்சியம் கார்பனேட் எவ்வளவு என்று பெரிதாக இருக்கும், அது உப்பின் எடை. அதில் நாற்பது சதவீதம்தான் நிஜமான கால்சியம். 625 என்று போட்டிருந்தால் 250 என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு இரும்புச்சத்து மருந்தும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும், இரண்டு மணி நேர இடைவெளி விட்டுக் கொடுத்தோம். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது, அதனால் பாலோ நெய்ச்சோறோ சாப்பிட்ட பிறகு.

இவ்வளவு கற்றுக்கொண்டும் நடுவில் ஒரு தடவை சறுக்கினேன். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கொடுத்த பாட்டிலில் ஒரு மில்லிக்கு 800 யூனிட். அதனால் நாள் ஒன்றுக்கு 3.75 மில்லி. அது தீர்ந்ததும் தெருமுனைக் கடையில் கேட்டேன், “அது இல்ல மேடம், இதுவும் அதேதான்” என்று வேறு கம்பெனி பாட்டில் கொடுத்தார். அதே அளவு பாட்டில், அதே ஆரஞ்சு நிறப் பெட்டி. எட்டு நாள் 3.75 மில்லி ஊற்றிய பிறகு, குப்பையில் போடும்போதுதான் பெட்டியைப் படித்தேன்: ஒரு மில்லியில் 400 யூனிட். எட்டு நாளும் பாதி மருந்து. எங்களுக்குக் குறைந்தது, இன்னொருவருக்குக் கூடியிருக்கலாம். அது இதைவிட மோசம். 60,000 யூனிட் என்று ஐந்து மில்லியில் ஒரு குட்டி பாட்டில் வருகிறது, பெரியவர்களுக்கு வாரம் ஒன்று என்று எழுதித் தருவார்கள். எங்கள் பிளாக்கில் ஒருவர், “நான் குடிக்கிறதுதான், வேகமா வேலை செய்யும், தம்பிக்கு ஒண்ணு குடுங்க” என்று அன்போடு கொண்டுவந்து கொடுத்தார். அவன் இருபது நாளில் குடிக்க வேண்டியது அந்த ஒரு பாட்டிலில். சிரப்தானே என்று தினமும் அதைக் கொடுத்துவிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், வாந்தி, மலச்சிக்கல், தாகம், சிறுநீர் அதிகம், கடைசியில் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும். தண்ணீரில் கரையும் வைட்டமின் மாதிரி மிச்சம் வெளியே போகாது, உள்ளேயே தங்கும். மில்லிக் கணக்கை நம்பாதீர்கள், யூனிட் கணக்கைக் கேளுங்கள். பாட்டில் மாறினால் அளவும் மாறும். நான் ஒரு மார்க்கர் பேனாவால் பாட்டில் மேலேயே ‘1 மில்லி = 800’ என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரத்தில் தலையணை உறை நனையவில்லை. முதல் நாள் தற்செயல் என்று நினைத்தேன். நான்கைந்து நாள் தொடர்ந்து காய்ந்தே இருந்தது. நடு ராத்திரியில் விளக்கைப் போடாமல் உறையைத் தடவித் தடவிப் பார்ப்பேன். ஒரு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில், பிசிறாக இருந்த நுனியில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது. அதுதான் புதிதாகச் சுண்ணாம்பு இறங்குகிறது என்பதற்கு அடையாளம் என்று டாக்டர் பேனா முனையால் காட்டினார். எந்த நகையையும் அவ்வளவு ஆசையாக நான் பார்த்ததில்லை. மருந்து சரியாகக் கொடுத்தும் இந்தக் கோடு விழாமல் போனால் அது வேறு வகை, பரம்பரையாகப் பாஸ்பரஸ் குறையும் ரிக்கெட்ஸ்கூட இருக்கிறது, அதற்கு வேறு வைத்தியம் என்றார். அதனால் மூன்று மாதம் கொடுத்துவிட்டோம் என்று மறுபரிசோதனையை விட்டுவிடக் கூடாது. எங்களுக்கு மூன்றாம் மாத முடிவில் வைட்டமின் டி 38 வந்தது. அதற்குப் பிறகு தினமும் 600 யூனிட். ஒரு வயதுக்கு மேல் சொல்லப்படும் அளவு அதுதான்.

நடந்தது அக்டோபரில், இருபத்தோரு மாதம் முடிந்து சில நாள். ஆயுத பூஜைக்கு அத்தை தரையில் உட்கார்ந்து பொரிகடலை கலந்துகொண்டிருந்தார். இவன் கட்டில் ஓரத்தை விட்டுவிட்டு, பொரித் தட்டைப் பார்த்து ஆறு அடி நடந்து வந்து தட்டுக்குள்ளேயே உட்கார்ந்தான். ஷூவும் இல்லை, வாக்கரும் இல்லை. பொரி ஹால் முழுக்கச் சிதறியது. அத்தை திட்டவும் இல்லை, பெருக்கவும் இல்லை, அன்றைக்கு முழுக்க அது அப்படியே கிடந்தது. கால் வளைவு அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. மூன்றரை வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு கணுக்காலையும் சேர்த்துவைத்து, முட்டிகளுக்கு நடுவில் எத்தனை விரல் நுழைகிறது என்று அளந்து எழுதினேன். நான்கு விரலில் ஆரம்பித்து ஒன்றில் முடிந்தது. தெருவில் போகிறவர்கள் காலைப் பார்த்து ஏதாவது சொல்வார்கள். அதற்கு மருந்து கிடையாது.

வீண் செலவைக் கூட்டிப் பார்த்தேன்: 27,600. என்னுடைய சம்பளமில்லா விடுப்பு இரண்டு மாதம் தனி. நான் வாங்காமல் விட்ட சொட்டு மருந்து மாதத்துக்கு ஒரு பாட்டில், நூறு ரூபாய்க்குள். உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் தாய்ப்பாலோ இல்லையோ முதல் ஒரு வருஷம் 400 யூனிட் தினமும் என்பதை டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். பவுடர் பாலில் வைட்டமின் டி சேர்த்திருப்பார்கள்தான், ஆனால் அந்த அளவு கிடைக்க நாள் ஒன்றுக்கு ஒரு லிட்டராவது குடிக்க வேண்டும். கேழ்வரகுக் கூழ் கொடுக்கிறேனே என்று நானும் சொன்னேன். கேழ்வரகில் இருப்பது கால்சியம், அதை உடம்புக்குள் இழுக்க வேண்டிய வைட்டமின் டி இல்லை. ஆள் இருக்கிறார், கதவைத் திறக்கத்தான் ஆள் இல்லை என்கிற மாதிரி. முட்டை மஞ்சள் கருவில் கொஞ்சம், மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களில் கொஞ்சம் நன்றாகவே இருக்கிறது. பால் பாக்கெட்டில் நீல நிற ‘பிளஸ் எஃப்’ முத்திரை இருந்தால் ஏ, டி சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் சாப்பாட்டை மட்டும் நம்பி இதைச் சரிக்கட்ட முடியாது. அதே நேரம் இதைப் படித்துவிட்டு ஓடியாடும் பிள்ளையை லேபுக்கு இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். அறிகுறி இல்லாத பிள்ளைக்கு டெஸ்ட் தேவையில்லை, வயதுக்குரிய அளவைக் கொடுத்தாலே போதும்.

இப்போது லீவு நாட்களில் பதினொரு மணிக்கு அவனைக் கீழே விடுகிறேன், கை வைக்காத பனியன், அரை டிரவுசர். “இந்த வெயில்லயா?” என்று வாட்ச்மேன் தாத்தாவுக்கு மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை. கறுத்துப்போவான் என்கிறார் அத்தை. கறுக்கட்டும்.

காப்பைக் கடைசியில் நகைக்கடையில் வெட்டித்தான் எடுத்தோம். பற்றவைத்துப் பெரிதாக்கித் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்று வெட்டியபடியே வாங்கி வந்துவிட்டேன். போன மாதம் நாத்தனாருக்குப் பெண் குழந்தை பிறந்தது. போனில் எல்லோரும் யார் ஜாடை, எத்தனை கிலோ என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்ததும், “டிஸ்சார்ஜ் சீட்டைப் படி, சொட்டு மருந்து எத்தனை நாளைக்குன்னு எழுதியிருக்காங்க?” என்று கேட்டேன். அவள் சீட்டைத் தேடிப் பார்த்துவிட்டு, “நாள் கணக்கு எதுவும் போடலையே அண்ணி” என்றாள்.